ஒரே கட்டி, இரண்டு ஸ்டேஜ்

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. வலது டான்சிலில் 3 செ.மீ. புற்றுக்கட்டி, அதே பக்கம் கழுத்தில் இரண்டு நெறி. முதலில் பார்த்த டாக்டர் 4-ஆம் ஸ்டேஜ் என்றார். ரிப்போர்ட்டில் ‘பி16 பாசிட்டிவ்’ என்று வந்த பிறகு இன்னொருவர் 1-ஆம் ஸ்டேஜ் என்கிறார். யாரை நம்புவது? பாசிட்டிவ் என்றால் கெடுதல்தானே? இது உடலுறவால் பரவும் வைரஸ் என்று தெரிந்ததிலிருந்து அம்மா அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அப்பா 25 வருடமாக தினம் 10 சிகரெட் பிடிப்பவர்.
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள் அம்மா. பழைய கணக்கில் அது 4. பி16 பாசிட்டிவ் ஆன தொண்டைப் புற்றுக்கு 2018 முதல் தனிக் கணக்கு வந்துவிட்டது. ஒரே பக்க நெறி, 6 செ.மீ.க்கு உள்ளே என்றால் அதில் 1.

நான் பயாப்சி ஸ்லைடு பார்க்கும் பேத்தாலஜி டாக்டர். மெழுகில் பதித்த சதையைத் தலைமுடியைவிட மெல்லிசாகச் சீவி, மருந்து ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைப்போம். பி16 புரதம் இருக்கும் செல் டிகாக்‌ஷன் நிறத்தில் தெரியும். நூற்றுக்கு 70 செல்லாவது அப்படி அழுத்தமாக நிறம் பிடித்தால்தான் பாசிட்டிவ் என்று எழுதுவேன். பி16 என்பது செல் தன் பிரேக்கை மிதிப்பது. நீங்கள் சொன்ன வைரஸ், பெயர் எச்.பி.வி., அந்த பிரேக் வயரை அறுத்துவிடுகிறது. வண்டி நிற்கவில்லையே என்று செல் இன்னும் இன்னும் மிதிக்கிறது. அதனால்தான் அவ்வளவு நிறம்.

இந்த வகைப் புற்று கரண்ட் வைப்பதற்கும் கீமோவுக்கும் நன்றாகக் கட்டுப்படும். 2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வைரஸால் வந்தவர்களில் 82 சதவீதம் பேர் மூன்று வருடம் கழித்தும் இருந்தார்கள், மற்றவர்களில் 57. ஆனால் இந்தக் கணக்கு டான்சிலுக்கும் அடிநாக்குக்கும்தான், குரல்வளைக்குச் செல்லாது. அப்பாவின் சிகரெட் அந்த நன்மையில் ஒரு பங்கைத் தின்றுவிடும், இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். பி16 வைரஸுக்கு மறைமுக அடையாளம்தான். நம் ஊரில் புகையிலையால் வரும் புற்றே அதிகம் என்பதால், வைரஸை நேராகத் தேடும் டெஸ்டும் அதே மெழுகுக் கட்டியில் செய்ய முடியுமா என்று கேளுங்கள்.

‘நல்ல வகைதானே, மருந்தைக் குறைக்கலாமே’ என்று மட்டும் யாரும் கேட்டுவிடாதீர்கள். கரண்டோடு வழக்கமாகக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்துக்குப் பதில் செடுக்ஸிமாப் என்ற வேறு மருந்தைக் கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2018-இல் வந்தன. இரண்டிலும் அப்படி மாற்றியவர்களே அதிகம் இறந்தார்கள்.

அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். இந்த வைரஸ் ஊரில் பாதிப் பேருக்கு மேல் வந்து போவது. பெரும்பாலோருக்கு ஓரிரு வருடத்தில் தானே போய்விடும், சிலருக்குத் தங்கிப் பல வருடம் கழித்துப் புற்றாகிறது. எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த ஸ்லைடிலும் நான் பார்த்ததில்லை. பார்க்கவும் முடியாது. கல்யாணத்துக்கு முன்னால் ஒட்டியதாகவும் இருக்கலாம்.

அப்புறம், கரண்ட் வைக்கும் முன்பே பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வழக்கமாக ஏழு வாரம் வைப்பார்கள். மூன்றாவது வாரத்திலேயே எச்சில் விழுங்கவும் வலிக்கும். பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சியை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்க ஆள் வேண்டும். அதற்குள் அம்மா பேசிவிட்டால் நல்லது.