பகாசுரனுக்கு வண்டி கட்டிய ஊர்

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் என் மகள் ‘ஹங்கர் கேம்ஸ்’ நாவலைக் கீழே வைக்காமல் படித்தாள். அப்படி என்னதான் இருக்கிறது என்று நானும் படித்தேன். விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆனால் 24 பிள்ளைகளைக் காட்டில் விட்டு, ஒருவர் மிஞ்சும்வரை ஒருவரையொருவர் கொல்லச் சொல்வதும், அதை நாடே டிவியில் பார்ப்பதும் எனக்குக் குமட்டலாக இருந்தது. இதைப் போய் இளையோர் நாவல் என்கிறார்களே, அடுக்குமா? அடுத்த பாகம் கேட்கிறாள். வாங்கித் தரலாமா?
- ஒரு வாசகி, சேலம்

பதில்: குமட்டினால் சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். எனக்கும் குமட்டியது. அக்கா மகளிடமிருந்து அலட்சியமாக வாங்கிப் புரட்ட ஆரம்பித்தவன், இரவு இரண்டு மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் படித்துக்கொண்டிருந்தேன்.

காளைத் தலை அரக்கன் மினோட்டாருக்கு இரையாக ஏதென்ஸ் நகரம் ஏழு பையன்களையும் ஏழு பெண்களையும் கிரீட் தீவுக்கு அனுப்பிய கிரேக்கக் கதையிலிருந்து இது முளைத்தது என்று நாவலை எழுதிய சூசன் காலின்ஸ் சொல்லியிருக்கிறார். நமக்குப் பகாசுரன் இருக்கிறானே! வீட்டுக்கு ஒரு முறை, வண்டிச் சோறும் ஒரு ஆளும். முறை வந்த வீட்டுக்குப் பதிலாகப் பீமன் போகிறான். நாவலில் தங்கை ப்ரிம்முக்குப் பதிலாக நாயகி காட்னிஸ் போகிறாள். பகாசுரன் கதையைச் சோறு ஊட்டும்போதே சொல்லிவிடுகிறோம், யாரும் வயது கேட்பதில்லை.

போட்டி தொடங்குவதே பதினோராம் அத்தியாயத்தில்தான். அதற்கு முன்னால் வரும் சீட்டுக் கணக்கை மறுபடி ஒருமுறை படியுங்கள். போட்டிக்குப் பிள்ளைகளைப் பொறுக்கும் குலுக்கலில் 12 வயதில் பெயர் ஒரு சீட்டு. வருஷத்துக்கு ஒன்று கூடி 18 வயதில் ஏழு. வீட்டில் அடுப்பு எரியவில்லையா? கூடுதலாக ஒரு சீட்டு எழுதிப் போடு, ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்கான தானியமும் எண்ணெயும் வாங்கிக்கொள். அதுவும் அரை வயிற்றுக்குத்தான். அம்மா, தங்கை, தான் என மூன்று பேருக்கும் வருஷா வருஷம் வாங்கியதில், 16 வயதில் காட்னிஸின் பெயர் 20 சீட்டில் இருக்கிறது. அவளோடு வேட்டைக்குப் போகும் கேலுக்கு 42. கடைவைத்திருப்பவர் வீட்டுப் பிள்ளைக்கு இந்தத் தலையெழுத்து கிடையாது. தங்கையை மட்டும் ஒரு சீட்டுகூட அதிகம் போட அவள் விடவில்லை. அந்த ஒற்றைச் சீட்டுதான் கையில் வருகிறது. இதை எழுதத் தெரிந்தவருக்கு அப்புறம் வரும் கொலைகளை மன்னித்துவிட்டேன்.

இன்னொரு இடம். களத்தில் காட்னிஸோடு கூட்டுச் சேர்ந்த 12 வயதுச் சிறுமி ரூ செத்த பிறகு, அவளுடைய பதினோராம் மாவட்டத்திலிருந்து காட்னிஸுக்குப் பாராசூட்டில் ஒரு ரொட்டி இறங்குகிறது. களத்துக்குள் எதை அனுப்பவும் கொள்ளைக் காசு ஆகும். தங்கள் பிள்ளைக்கென்று சேர்த்த காசாக இருக்கும் என்று காட்னிஸ் ஊகிக்கிறாள். அரை வயிற்று ஜனங்கள் அதை வேற்று மாவட்டத்துப் பெண்ணுக்குக் கொடுக்கிறார்கள். புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

குறையும் சொல்லிவிடுகிறேன். நாயகியின் கையில் கறை படாமல் ஆசிரியர் ரொம்பவே பார்த்துக்கொள்கிறார். அவள் அம்புக்குச் சாகிறவன் ரூவைக் கொன்றவன். கடைசி அம்போ கருணைக்காக விட்டது. ரூவும் அவளும் மட்டும் மிஞ்சியிருந்தால் என்ன செய்திருப்பாள்? அந்தச் சங்கடம் வருவதற்குள் ரூவை வேறு யாரோ கொன்றுவிடுகிறார்கள். முடிவில் வரும் ஓநாய்களுக்குச் செத்த பிள்ளைகளின் கண்களைப் பொருத்தியதும் அதிகப்படி.

சரி, இரண்டாம் பாகத்தைத் தாராளமாக வாங்கிக் கொடுங்கள். மூன்றாவதை மட்டும் நீங்கள் முதலில் படித்துவிடுங்கள். அது போர்க்கதை. முடிவுக்குச் சற்று முன்னால் ஒரு சாவு வருகிறது. யாருடையது என்று சொல்ல மாட்டேன். என் அக்கா மகள் அன்று ராத்திரி சாப்பிடவில்லை.