மன்னிக்கப்பட்டவன் நிலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு 54 வயது. மார்த்தாண்டம் பக்கம் ஒரு கிராமம், சி.எஸ்.ஐ. சபை. 2009-இல் அப்பா உயில் எழுதாமல் இறந்தார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார்கள். உடன்பிறந்தவர் ஒரே அக்கா, விதவை. "பட்டா மாத்துறதுக்கு ஒரு கையெழுத்து வேணும்" என்று சொல்லி அக்காவைப் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப்போய், அப்பாவின் 80 சென்ட் ரப்பர் தோட்டத்தில் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டேன். கையில் கொஞ்சம் பணம் கொடுத்தேன். விஷயம் தெரிந்த நாளிலிருந்து அக்கா என்னோடு பேசுவதில்லை. பிறகு 20 சென்ட்டை விற்று மகளை நர்சிங் படிக்கவைத்தேன். போன வருடம் ஒரு கன்வென்ஷனில் என்னை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தேன். குடியை விட்டேன், தசமபாகம் தவறுவதில்லை. ஆனால் திருவிருந்தில் முழங்கால் போடும்போதெல்லாம் அக்கா முகம் கண்முன் வருகிறது. "பழையவைகள் ஒழிந்துபோயின என்று வேதமே சொல்லுது, கிளறாதீங்க" என்கிறாள் மனைவி. ஜெபக்குழுத் தலைவரோ, "நிலத்தைத் திருப்பிக் கொடுக்காதவரை நீங்க இரட்சிக்கப்படவே இல்லை" என்கிறார். யார் சொல்வது சரி? – பெயர் வேண்டாம், கன்னியாகுமரி மாவட்டம்.

பதில்: அன்புள்ள சகோதரரே, பத்து வருடத்துக்கும் மேலாக யாரிடமும் சொல்லாததை எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முதலில் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். உங்கள் வீட்டம்மாவும் ஜெபக்குழுத் தலைவரும் ஆளுக்கொரு பாதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. தலைவர் சொன்னது உங்களை அதிகமாகப் பயமுறுத்தியிருப்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரன் பவுலிடமும் சீலாவிடமும் நடுங்கிக்கொண்டு கேட்டது உங்கள் கேள்விதான்: இரட்சிக்கப்படுவதற்கு நான் என்ன செய்யவேண்டும்? "கர்த்தராகிய இயேசுகிறிஸ்துவை விசுவாசி" என்பதே பதிலாக வந்தது. இதுவரை யாரையெல்லாம் அடித்தாய், யாருக்கெல்லாம் என்ன கொடுக்கவேண்டும் என்று கணக்குக் கேட்டுவிட்டு அவர்கள் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. அந்த இராத்திரியிலேயே அவன் அவர்களுடைய காயங்களைக் கழுவினான். நம்பின மனிதனின் கை தானாகவே அந்த வேலைக்குப் போனது. சிலுவையில் தொங்கிய கள்ளனை நினைத்துப் பாருங்கள். திருடினதில் ஒரு காசைக்கூடத் திருப்பிக் கொடுக்க அவனுக்கு வழியில்லை, ஆணியடித்த கைகள். அவனுக்கும் "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற வாக்கு கிடைத்தது. நிலத்தைக் கொடுத்தால்தான் இரட்சிப்பு என்றால், இயேசுவின் இரத்தம் போக மீதி விலைக்கு அக்காவின் பங்கான 40 சென்ட் ரப்பர் தோட்டம் தேவைப்படுகிறது என்று ஆகிவிடும். இதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ளமாட்டேன். நீங்களும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

சரி, அப்படியானால் மனைவி சொல்வதுபோல விட்டுவிடலாமா? கூடாது.

அவர் சொன்ன வசனம் 2 கொரிந்தியர் 5:17. கிறிஸ்துவுக்குள் இருக்கிறவன் புதுச்சிருஷ்டி, பழையவைகள் ஒழிந்துபோயின. உண்மைதான். ஆனால் உங்கள் விஷயத்தில் பழையது இன்னும் ஒழியவில்லையே! ஏமாற்றி எழுதி வாங்கிய பத்திரம் உங்கள் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அந்த மரங்களில் இன்றைக்கும் பால் வெட்டுகிறீர்கள். 2009-இல் செய்த பாவம் 2009-இலேயே முடிந்துவிடவில்லை, ஒவ்வொரு ரப்பர் ஷீட் விற்கும்போதும் அது நடந்துகொண்டேயிருக்கிறது. நம் பாவங்களைச் சமுத்திரத்தின் ஆழங்களில் போட்டுவிடுவார் என்று மீகா சொன்னதை எடுத்துக்கொண்டு, அக்காவின் பங்கையும் சேர்த்து ஆழத்தில் போட்டுவிட முடியாது. தேவன் உங்கள்மேல் இருந்த குற்றத்தை எடுத்துப்போட்டார். அக்காவுக்கு வரவேண்டியது அக்காவுக்கு இன்னும் வரவில்லை.

லூக்கா 19-ஆம் அதிகாரத்தைத் தனியாக உட்கார்ந்து வாசியுங்கள். வாசிக்கும்போது 18-இலிருந்தே தொடங்குங்கள். அங்கே ஐசுவரியமுள்ள தலைவன் ஒருவன் துக்கத்தோடு திரும்பிப்போகிறான். "அப்படியானால் யார் இரட்சிக்கப்படக்கூடும்" என்று கேட்டவர்களுக்கு, மனுஷரால் கூடாதது தேவனால் கூடும் என்கிறார் ஆண்டவர். அடுத்த அதிகாரத்திலேயே எரிகோவில் ஒரு ஐசுவரியவான் இரட்சிக்கப்படுகிறான். அவன்தான் சகேயு. வரி வசூலிக்கும் சாதாரண ஆயக்காரன்கூட இல்லை, ஆயக்காரருக்குத் தலைவன். ரோமருக்குக் கட்டவேண்டியதற்கு மேலே வசூலித்ததெல்லாம் ஆயக்காரர் பைக்குப் போன காலம். ஊரே அவனை வெறுத்தது. அப்படிப்பட்டவனைப் பார்த்து, அவன் ஒரு வார்த்தை பேசுமுன்னே, "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்கிறார் இயேசு. பாவியின் வீட்டுக்குப் போகிறாரே என்று ஜனங்கள் முறுமுறுத்தார்கள். அதற்குப் பிறகுதான் சகேயு எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினது நாலத்தனையாகத் திரும்ப என்று சொல்கிறான்.

இந்த வரிசையை நன்றாகக் கவனியுங்கள். அவன் கணக்குத் தீர்த்துவிட்டுக் கூப்பிடவில்லை, ஆண்டவரே முதலில் வந்தார். ஆனால் ஆண்டவர் வந்து உட்கார்ந்த வீட்டில் பிறர் பணம் அப்படியே பெட்டிக்குள் இருக்க முடியவில்லை. "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்று அவர் சொன்னதைச் சகேயுவின் பண விஷயத்திலிருந்து பிரித்து வாசிக்க என்னால் முடியவில்லை. முந்தின அதிகாரத்துத் தலைவனிடம் உண்டான எல்லாவற்றையும் விற்கச் சொன்ன ஆண்டவர், சகேயு பாதி என்றபோது மீதி எங்கே என்று கேட்கவில்லை. ஆகவே உங்களுக்கு இத்தனை மடங்கு என்று நான் ஒரு தொகை குறிக்கப்போவதில்லை.

லேவியராகமம் 6-இல், பிறனை வஞ்சித்தவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கும் கூட்டி உரியவனுக்குக் கொடுத்துவிட்டு, குற்றநிவாரணபலியும் கொண்டுவர வேண்டும் என்றிருக்கிறது. பணத்தைத் திருப்பிக் கொடுத்ததால் பலி வேண்டாம் என்றும் இல்லை, பலி இட்டதால் பணத்தை வைத்துக்கொள்ளலாம் என்றும் இல்லை. நமக்கான பலி கல்வாரியில் ஒரேதரம் முடிந்துவிட்டது. உரியவருக்கு உரியதைக் கொடுக்கும் வேலையை அது எடுத்துப்போட்டதாக நான் எங்கும் வாசிக்கவில்லை. எபேசியர் 2:8-இல் கிருபையினாலே இரட்சிக்கப்பட்டீர்கள் என்று எழுதிய பவுல், அதே நிருபத்தின் 4:28-இல் "திருடுகிறவன் இனித் திருடாமல்" என்று எழுதுகிறார். இரண்டும் ஒரே சபைக்கு ஒரே கையிலிருந்து போனவை.

நம் பக்கத்து நிலவரத்தையும் சொல்லியாக வேண்டும். குமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. அங்கே கிறிஸ்தவர்களுக்கென்று 1916-இல் வந்த வாரிசுரிமைச் சட்டப்படி, மகளுக்கு மகனுடைய பங்கில் கால் பாகம் அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான். ஸ்திரீதனம் கொடுத்தாகிவிட்டது என்றால் அதுவும் கிடையாது. கேரளக் கிறிஸ்தவப் பெண்ணான மேரி ராய் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1986-இல், 1925-ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. அதன்படி உயில் இல்லாமல் இறந்த தகப்பனின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. உங்கள் அப்பா இறந்த 2009-இல் அக்காவுக்கு 40 சென்ட் உரிமையாகிவிட்டது. ஆனாலும் பெண்பிள்ளைக்குக் கட்டிக்கொடுக்கும்போதே கொடுத்தாயிற்று என்ற பேச்சு நம் ஊர்களில் இன்னும் போகவில்லை, சபைக்குள்ளேயும் போகவில்லை. செலொப்பியாத்தின் குமாரத்திகள் தகப்பனின் சுதந்தரத்தைக் கேட்டு மோசேயின் முன் நின்றபோது, அவர்கள் கேட்பது நியாயம் என்று கர்த்தரே சொன்னார் (எண்ணாகமம் 27). கன்வென்ஷன் மேடைகளில் குடியை விட்டேன், பீடியை விட்டேன் என்று எத்தனையோ சாட்சிகள் கேட்டிருக்கிறோம். அக்கா தங்கையின் பங்கைத் திருப்பிக் கொடுத்தேன் என்ற சாட்சியும் அதே அளவுக்கு நம் சபைகளில் கேட்கவேண்டும் என்பது என் வெகுநாள் ஏக்கம்.

பத்திரம் எழுதிக் காலமாகிவிட்டதால் இனி கோர்ட்டில் ஒன்றும் செய்ய முடியாது என்று யாராவது உங்களுக்கு ஆறுதல் சொல்லலாம். அப்படியே இருந்தாலும், அந்தப் பத்திரத்தைக் காட்டி நியாயத்தீர்ப்பின் நாளில் நிற்க நீங்கள் விரும்பமாட்டீர்கள்.

தசமபாகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒற்தலாமிலும் வெந்தயத்திலும் சீரகத்திலும் பத்தில் ஒன்று எண்ணிக் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டவர்களிடம் இயேசு எவ்வளவு கடுமையாகப் பேசினார் என்பதை மத்தேயு 23-இல் பாருங்கள். மீதியிருக்கும் 60 சென்ட் தோட்டத்து வருமானத்தில் 40 சென்ட்டுக்கு உண்டானது அக்காவுடையது. அக்காவின் பணத்திலிருந்து ஆண்டவருக்குக் காணிக்கை கொடுக்க உங்களுக்கு உரிமையில்லை. உங்கள் பங்குக்கு உண்டானதைக் கொடுங்கள், மற்றதை உரியவருக்காக எடுத்து வையுங்கள்.

திருவிருந்தில் வரும் அந்தப் பாரத்தை, நீங்கள் இரட்சிக்கப்படவில்லை என்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டு பயப்படுகிறீர்கள். எனக்கு அது நேர்மாறாகத் தெரிகிறது. ஒப்புக்கொடுக்கும்முன் எத்தனையோ முறை அதே இடத்தில் முழங்கால் போட்டிருப்பீர்களே, அப்போது இந்தப் பாரம் வந்ததாக நீங்கள் எழுதவில்லை. பாவத்தைக் கண்டித்து உணர்த்துவது பரிசுத்த ஆவியானவரின் வேலை (யோவான் 16:8). பவுலும், தன்னைத்தானே சோதித்தறிந்து புசிக்கக்கடவன் என்றாரே தவிர, சோதித்துப் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகச் சொல்லவில்லை. அதனால் மாதக்கணக்கில் பந்தியை விட்டு விலகாதீர்கள். அதேசமயம் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடே ஒப்புரவாகு என்பது ஆண்டவரின் கட்டளை. அடுத்த திருவிருந்துக்கு முன்பே அக்கா வீட்டுக்குப் போய்வாருங்கள்.

போவதற்கு முன் மனைவியிடம் பேசுங்கள். 20 சென்ட் விற்றாகிவிட்டது, 40 கொடுத்தால் மீதி 20 தானே, மகளுக்குக் கல்யாணம் வருகிறதே என்ற பயம் அவருக்கு இருக்கலாம். அது நியாயமான பயம். வசனத்தைச் சொல்லி அவர் வாயை அடைக்காதீர்கள். இருவரும் சேர்ந்து ஜெபியுங்கள், வருமானக் கணக்கைச் சேர்ந்தே போடுங்கள். ஆனால் முடிவைத் தள்ளிப்போட அதை ஒரு காரணமாக்க வேண்டாம்.

அக்கா வீட்டுக்கு ஆயரையோ ஜெபக்குழுவையோ கூட்டிக்கொண்டு போகாதீர்கள். நாலு பேர் முன்னால் மன்னிக்கச் சொல்லி ஒரு பெண்ணை நெருக்குவது இன்னொரு அநியாயம். நான் இரட்சிக்கப்பட்டுவிட்டேன் என்று உங்கள் கதையில் ஆரம்பிக்கவும் வேண்டாம். "அக்கா, பட்டா மாத்தணும்னு சொல்லி உன்னைக் கையெழுத்துப் போட வெச்சேன். அது பொய். உன் பங்கு 40 சென்ட். அதை எழுதித் தர வந்திருக்கேன்" என்று நேராகச் சொல்லுங்கள். இத்தனை வருடப் பால் வெட்டு வருமானத்தில் அவருக்கு எவ்வளவு சேரவேண்டும் என்று ஒரு கணக்கையும் கையில் வைத்திருங்கள். அன்று கொடுத்த பணத்தைக் கழிக்கவேண்டுமா என்பதை அக்காவே சொல்லட்டும். மொத்தமாக முடியாவிட்டால் தவணையாகக் கொடுங்கள், ஆனால் எழுதிக் கொடுங்கள்.

அவர் அழலாம், திட்டலாம், உள்ளே வரவேண்டாம் என்று கதவைச் சாத்தலாம். அதற்கு அவருக்கு உரிமை உண்டு. நிலம் கொடுத்தேனே, ஏன் இன்னும் பேசமாட்டேன் என்கிறாய் என்று கேட்டுவிடாதீர்கள். "கூடுமானால் உங்களாலானமட்டும்" சமாதானமாயிருங்கள் என்று ரோமர் 12:18 சொல்கிறது. உங்களால் ஆனது உண்மையைச் சொல்வதும் உரியதைக் கொடுப்பதும். மன்னிப்பது அக்காவின் கையில், அவருக்கு முடிகிற நேரத்தில்.

பத்திர வேலையை அக்கா தனக்கு நம்பிக்கையான ஒரு வக்கீலை வைத்துப் பார்க்கட்டும், செலவு உங்களுடையது. குடும்பத்தாருக்குள் எழுதும் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வையில் சலுகை உண்டு, எந்தப் பத்திரம் பொருந்தும் என்று ஆவண எழுத்தரிடம் கேளுங்கள். எழுதும்போது மனதில் வேறு கணக்கு வரக்கூடும்: சாலையோரப் பகுதியை வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் பகுதியைக் கொடுத்தாலும் 40 சென்ட் தானே என்று. வழியுள்ள பகுதியை அக்காவே முதலில் தேர்ந்தெடுக்கட்டும்.

ஒருவேளை எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று அவர் மறுத்துவிட்டால், விட்டது தொல்லை என்று திரும்பி வந்துவிடாதீர்கள். அவர் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு தொடங்க அவர் பிள்ளைகள் மூலம் கேட்டுப் பாருங்கள், அந்த 40 சென்ட்டின் வருமானம் மாதாமாதம் அதில் விழட்டும். அந்த 40 சென்ட் அக்காவுக்கும் அவருக்குப் பின் அவர் பிள்ளைகளுக்கும் என்று உயிலும் எழுதி, அதன் நகலை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.