சொல்லாமல் விட்டது எவ்வளவு?

வணக்கம் ஐயா,
கடலூரில் எங்கள் வீட்டில் விடிந்தால் புதுச்சேரி எஃப்.எம்.தான். சூரியன் எஃப்.எம். சன் குழுமத்துடையது, ஹலோ எஃப்.எம். தினத்தந்தி குழுமத்துடையது என்று தெரியும். ஆனால் இவற்றில் செய்தியே கிடையாதே, முதலாளி யாராக இருந்தால் என்ன?
- வாசகர், மஞ்சக்குப்பம்

அன்புள்ள நண்பருக்கு,

செய்தி இல்லாததால்தான் முதலாளியின் கை நம் காதில் படுவதில்லை.

தனியார் எஃப்.எம். சொந்தச் செய்தி வாசிக்கக் கூடாது. ஆகாசவாணி செய்தியை மாற்றாமல் மறுஒலிபரப்பலாம். வானிலை, போக்குவரத்து, தேர்வு முடிவு போன்றவை செய்திக் கணக்கில் வராது. மின்தடை, குடிநீர், வெள்ள அறிவிப்புகளும் வராது. ஆனால் அவை உள்ளூர் நிர்வாகம் தந்தவையாக இருக்க வேண்டும்.

சிக்கல் இங்கேதான். 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலை அடுத்து, சாத்தனூர் அணை நீரால் தென்பெண்ணை பெருகியது. அப்படியொரு நாளில் ஆட்சியரின் எச்சரிக்கையை ஆர்.ஜே. (நிகழ்ச்சித் தொகுப்பாளர்) எத்தனை முறையும் சொல்லலாம். 'எங்கள் தெருவுக்கு யாரும் வரவில்லை' என்று ஒரு நேயர் அழைத்தால், அதை நேரலையில் விடுவதா என்று நிகழ்ச்சித் தயாரிப்பாளர் நொடியில் முடிவெடுக்க வேண்டும். உரிமம் தருவது ஒன்றிய அரசு. விளம்பரம் தருவதிலும் அரசுக்குப் பங்குண்டு. 2023-இல் எஃப்.எம். நிலையங்களுக்கான அரசு விளம்பரத்தின் அடிப்படைக் கட்டணம் 10 நொடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ஆனது. பத்திரிகை, தொலைக்காட்சி, சினிமா என்று விரிந்த குழுமத்துக்கு அரசோடு உறவு கெட்டால் இழப்பு வானொலியோடு நிற்காது. அதனால் யாரும் உத்தரவிடாமலே அந்த அழைப்பு துண்டிக்கப்படும். எழுத்தில் இருக்காது, நிரூபிக்கவும் முடியாது.

அடுத்தது 'ஆர்.ஜே. மென்ஷன்', அதாவது ஆர்.ஜே.யே பேச்சில் சேர்த்துச் சொல்லும் விளம்பரம். ஜிங்கிள் போட்டுத் தனியாக வரும் 'ஸ்பாட்' ஒரு விளம்பரம்தான் என்று நமக்குத் தெரியும். நகைக்கடையையோ மருத்துவமனையையோ ஆர்.ஜே. தன் பேச்சோடு பேச்சாகப் புகழும்போது தெரியாது. அந்த மருத்துவமனை மீது புகார் எழுந்தால் அதே குரல் எப்படிப் பேசும்?

நீங்களே சோதிக்கலாம். ஒரு வாரம், காலை 7 முதல் 10 வரை, இரு வேறு முதலாளிகளின் நிலையங்களைக் கேளுங்கள். அன்றைய நாளிதழின் உள்ளூர்ப் பிரச்சினைகளை நோட்டில் எழுதி, எது வானொலியில் வந்தது, எது வரவில்லை என்று குறியுங்கள். சொந்தக் குழுமத்தின் படம் வெளியாகும் வாரத்தில் நடிகர் பேட்டிகளையும் எண்ணுங்கள். ஒரே நாளை வைத்து முடிவுக்கு வராதீர்கள். நிகழ்ச்சி வேறு ஊரிலிருந்து வரும் நெட்வொர்க் ஒலிபரப்பாக இருந்தால், கடலூரைப் பற்றிப் பேச அங்கே ஆளே இருக்காது. அது அரசியல் அல்ல, சம்பளச் சிக்கனம். ஆனாலும் அதுவும் முதலாளி எடுத்த முடிவுதான்.

மணிக்கு 10 நிமிடம் செய்திக்கு அனுமதிக்கலாம் என்று 2023 செப்டம்பரில் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) பரிந்துரைத்தது. நான் அதை வரவேற்கிறேன். ஆனால் செய்திப் பிரிவின் தலைவர் விளம்பரப் பிரிவுக்குக் கட்டுப்படாதவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதோடு சேர வேண்டும். இல்லையென்றால், இன்று நேயரின் அழைப்பைத் துண்டிப்பவர்கள் நாளை செய்தி ஆசிரியரின் வரியையும் துண்டிப்பார்கள்.