பராமரிப்பு நேரம்: எந்தக் கடிகாரப்படி?

கேள்வி: அலுவலகச் சர்வரில், கோப்புகளைச் சேமித்துப் பகிர உதவும் மென்பொருளான நெக்ஸ்ட்கிளவுட் நிறுவியிருக்கிறோம். பராமரிப்புப் பணிகள் இரவு ஒரு மணிக்குத் தொடங்கட்டும் என்று அமைப்புக் கோப்பில் 1 என்று கொடுத்தேன். ஆனால், காலையில்தான் சர்வர் திணறுகிறது. ஏன்?

பதில்: அந்த எண் உலகப் பொது நேரத்தை (UTC) குறிக்கிறது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியிருப்பதால், நான்கு மணி நேரம் நீளும் அந்தப் பராமரிப்பு வேளை இங்கே காலை 6.30 முதல் 10.30 வரை அமைந்துவிடுகிறது. 20 என்று மாற்றுங்கள். பழைய செயல்பாட்டுப் பதிவுகளை நீக்குவது, புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்ப்பது போன்ற அவசரமற்ற பணிகள் அதிகாலை 1.30 முதல் 5.30 வரைக்குள் தொடங்கும். அவசரப் பணிகள் வழக்கம்போல் எந்நேரமும் நடக்கும், சேவையும் நிற்காது.

பின்னணிப் பணிகளை ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை கிரான் (குறித்த நேரத்தில் பணிகளைத் தானாகத் தொடங்கும் சர்வர் கருவி) இயக்குகிறதா என்பதையும் பாருங்கள். அஜாக்ஸ் முறையில் விட்டிருந்தால், யாரேனும் பக்கத்தைத் திறந்தால்தான் பணி நகரும். அதிகாலை இரண்டு மணிக்கு யார் திறக்கப்போகிறார்கள்? பேக்கப் எடுப்பதற்காக, பயனர்கள் நுழையாதபடி தடுக்கும் பராமரிப்பு நிலையை (maintenance mode) இயக்கும் வழக்கம் இருந்தால், அதை 1.30க்கு முன்பே முடித்துவிடுங்கள். அந்த நிலை நீடிக்கும்வரை கிரான் பணிகள் எதுவும் ஓடாது.