சுகர் ஃப்ரீ பாக்கெட்டை நிறுத்திவிட வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 54, எடை 60 கிலோ. எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு சாப்பிடுகிறேன். தேநீரிலும் காபியிலுமாக நாளைக்கு ஆறு சுக்ரலோஸ் (செயற்கை இனிப்பூட்டி) பாக்கெட், ஒரு கேன் டயட் குளிர்பானம் எடுக்கிறேன். இவற்றால் புற்றுநோய் வரும், சர்க்கரையும் ஏறும் என்கிறார்கள். ஆற்று நீரிலும் கலக்கிறதாம். நிறுத்திவிட்டுக் கொஞ்சமாகச் சர்க்கரையே போட்டுக்கொள்ளலாமா?

மருத்துவர் பதில்: சர்க்கரைக்குத் திரும்பாதீர்கள். முடிந்தால் பாக்கெட், டயட் பானம் இரண்டையும் குறைத்துக்கொள்ளுங்கள். அதுவே உங்களுக்கு நல்லது.

முதலில் புற்றுநோய் பயம். 2023 ஜூலையில் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, டயட் பானங்களில் சேர்க்கப்படும் அஸ்பார்டேம் என்ற இனிப்பூட்டியை ‘2பி’ பிரிவில் சேர்த்தது. ஒரு பொருள் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்பதற்கு எவ்வளவு சான்று இருக்கிறது என்பதைத்தான் அந்தப் பிரிவு சொல்கிறது. எவ்வளவு சாப்பிட்டால் ஆபத்து என்பதை அது சொல்வதில்லை. அளவை ஆராயும் உலக சுகாதார நிறுவன–எஃப்ஏஓ (ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பு) கூட்டு நிபுணர் குழு, நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 40 மி.கி. என்ற பழைய வரம்பையே அப்போது உறுதிசெய்தது. உங்கள் 60 கிலோவுக்கு அது 2,400 மி.கி. ஒரு கேனில் பொதுவாக 200 முதல் 300 மி.கி. இருக்கும். சுக்ரலோஸுக்கு அதே குழுவின் வரம்பு கிலோவுக்கு 15 மி.கி., அமெரிக்காவின் வரம்பு 5 மி.கி. பாக்கெட்டுக்குச் சுமார் 12 மி.கி. என்று வைத்தால் உங்கள் ஆறு பாக்கெட்டுக்கு 72 மி.கி. கடுமையான அமெரிக்கக் கணக்கிலேயே உங்களுக்கு 300 மி.கி. வரை இடம் உண்டு.

சர்க்கரை ஏறுமா என்ற கேள்வியை நான் இதைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். 2022-ல் வெளியான ஓர் ஆய்வில், இனிப்பூட்டிப் பழக்கமே இல்லாத 120 ஆரோக்கியமான பெரியவர்களைப் பிரித்து, சிலருக்கு இரண்டு வாரம் இனிப்பூட்டி கொடுத்துப் பார்த்தார்கள். சாக்கரின், சுக்ரலோஸ் எடுத்தவர்களுக்கு, குளுக்கோஸ் குடித்தபின் ரத்தச் சர்க்கரை முன்பைவிட அதிகமாக ஏறியது. குடல் நுண்ணுயிர்களும் மாறியிருந்தன. ஆனால் விளைவு ஆளுக்கு ஆள் வேறுபட்டது. பல ஆண்டுகளாகப் பாக்கெட் பயன்படுத்தும் சர்க்கரை நோயாளிக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது. உங்கள் உடலில் என்ன நடக்கிறது என்று நீங்களே பார்த்துவிடலாம்.

மூன்று நாள் ஒரே காலை உணவைச் சாப்பிட்டு, உண்பதற்கு முன்பும் இரண்டு மணி நேரம் கழித்தும் அளந்து எழுதுங்கள். பிறகு இரண்டு வாரம் பாக்கெட்டும் டயட் பானமும் வேண்டாம். அந்த இடத்தில் சர்க்கரையும் வேண்டாம். மாத்திரையை மாற்றாதீர்கள். கடைசி மூன்று நாள் அதே உணவு, அதே அளவீடு. குளுக்கோமீட்டரிலேயே 15 சதவீதம் வரை முன்பின் வரலாம் என்பதால், ஒரு நாள் எண்ணை வைத்து முடிவெடுக்காமல் மூன்று நாள் சராசரிகளை ஒப்பிடுங்கள்.

லேபிளையும் திருப்பிப் பாருங்கள். பாக்கெட்டில் இருக்கும் ஒரு கிராம் தூளில் பெரும்பகுதி பல பிராண்டுகளில் டெக்ஸ்ட்ரோஸும் மால்டோடெக்ஸ்ட்ரினும்தான். இரண்டுமே ரத்தச் சர்க்கரையை ஏற்றும் மாவுச்சத்து. ஆறு பாக்கெட்டில் அது சிறிய அளவே. ‘சர்க்கரை சேர்க்காத’ பிஸ்கட்டில் அப்படியில்லை. மாவும் மால்டிடால் என்ற இனிப்பூட்டியும் (லேபிளில் எண் 965) சேர்ந்து சர்க்கரையை நன்றாகவே ஏற்றும், அளவு மீறினால் வயிற்றுப்போக்கும் வரும். இதய நோய் உள்ளவர்கள் எரித்ரிடால் என்ற இனிப்பூட்டியைத் (எண் 968) தவிர்ப்பது நல்லது என்பது என் கருத்து. அது ரத்தத் தட்டணுக்களை எளிதில் உறையத் தூண்டுவதாக 2023 ஆய்வு காட்டியது. காரண–விளைவு இன்னும் உறுதியாகவில்லை என்றாலும், அது இல்லாமல் இருப்பதில் யாருக்கும் இழப்பில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கிளிமிபிரைடு சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடக்கூடிய மாத்திரை. கைநடுக்கம், வியர்வை, படபடப்பு வந்து அளவு 70-க்குக் கீழே இருந்தால் இனிப்பூட்டிப் பாக்கெட்டோ டயட் பானமோ உங்களைக் காப்பாற்றாது. இனிக்கும், சர்க்கரை ஏறாது. நிஜச் சர்க்கரை 15 கிராம், அதாவது சுமார் மூன்று தேக்கரண்டி, நீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடத்தில் மறுபடி அளந்து, ஏறாவிட்டால் இன்னொரு முறை. இதை வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லி வையுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

ஆற்று நீர் விஷயம் உண்மைதான். சாப்பிடும் சுக்ரலோஸில் சுமார் 85 சதவீதம் குடலில் உறிஞ்சப்படாமல் அப்படியே வெளியேறுகிறது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் பாக்டீரியாக்களாலும் அதை எளிதில் சிதைக்க முடிவதில்லை. ஒரு நீர்நிலையில் கழிவுநீர் கலந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் சுக்ரலோஸையே அடையாளமாகத் தேடும் அளவுக்கு அது நிலைத்து நிற்கிறது. குடிக்கும் உங்களுக்கு அது பொருட்டல்ல: லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் இருந்தாலும், நாளைக்கு இரண்டு லிட்டர் குடித்து ஒரு பாக்கெட் அளவைத் தொட 16 ஆண்டுகள் ஆகும். அந்த நீரிலேயே வாழும் சிற்றுயிர்களுக்குத் தப்ப வழியில்லை. அதனால்தான் நீர்நிலைகளில் இதைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்கிறேன்.