லிஸ்ட்லயே இல்லாத நம்பர் எப்படி வருது?

கேள்வி: ஆர் (R)-ங்கற புரோகிராமிங் மொழில, ஒவ்வொரு குரூப்லயும் ஒரு ஐடியை மட்டும், ரேண்டமா எடுத்துக் குடுக்கற சாம்பிள் ஃபங்ஷன் வச்சு எடுக்கறேன். பெரிய குரூப்ல எல்லாம் சரியா வருது, ஆனா சில குரூப்ல அந்த குரூப்லயே இல்லாத ஐடி வந்து நிக்குது. எரர் எதுவும் காட்டல. சீட் (ரேண்டமா எடுக்கறதைத் தொடங்கி வைக்கற நம்பர்) மாத்திப் பார்த்தும் சரியாகல.

பதில்: தப்பா வர்ற குரூப்ல எத்தனை ஐடி இருக்குன்னு முதல்ல எண்ணிப் பாருங்க, அநேகமா ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும். சாம்பிள்கிட்ட 4, 7, 10-னு மூணு நம்பர் குடுத்தா அந்த மூணுல இருந்துதான் எடுக்கும், ஆனா 10-ஐ மட்டும் தனியா குடுத்தா, அதை 1-ல இருந்து 10 வரைன்னு எடுத்துக்கிட்டு 3-ஐயோ 8-ஐயோ தூக்கிக் குடுத்துடும். இது பக் இல்லைங்க, ஹெல்ப் பேஜ்லயே எழுதியிருக்கு, ஆனாலும் ஒரே ஃபங்ஷனுக்கு ரெண்டு குணம் வச்சது மோசமான டிசைன்னுதான் சொல்வேன், ஏன்னா எரரே வராம ரிசல்ட் கெட்டுப்போறதுதான் ரொம்ப ஆபத்து. ஐடி எழுத்தா இருந்தா இந்தத் தொல்லை வராது.

சீட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. (2019-ல வந்த ஆர் 3.6.0 வெர்ஷன்ல ரேண்டமா எடுக்கற முறை மாறினதால பழைய சீட்டுக்கு வேற ரிசல்ட் வரலாம், அது தனி விஷயம்.)

ஐடியோட மதிப்பை விட்டுட்டு, அது லிஸ்ட்ல எத்தனாவதா இருக்குங்கற இடத்தைத் தேர்ந்தெடுங்க: ஐடி[சாம்பிள்.இன்ட்(லெங்த்(ஐடி), 1)]. ஒரே ஐடி இருந்தா அதுவே வரும், குரூப் காலியா இருந்தா எரர் வரும், அது வர்றதுதான் நல்லது. ஏற்கெனவே எடுத்து வச்ச ரிசல்ட்டையும் மறுபடி ஓட்டிடுங்க.