கேமலில் ஜேஎம்எஸ் கன்ஸ்யூமரை டிரான்சாக்டட் ஆக்கியதும் ஒரே ஆர்டர் இரண்டு மூன்று முறை பதிவாகிறது, வேகமும் போய்விட்டது. சரியாக அமைப்பது எப்படி?

நான் புரிந்துகொண்ட வரை உங்கள் நிலைமை இது. கேமல் என்ற ஜாவா இணைப்பு ஃப்ரேம்வொர்க்கில், ஜேஎம்எஸ் (ஜாவாவில் மெசேஜ் அனுப்பி வாங்கும் தரம்) வழியாக, ஆக்டிவ்எம்க்யூ என்ற மெசேஜ் புரோக்கரின் கியூவிலிருந்து ஆர்டர் மெசேஜை எடுக்கிறீர்கள், டேட்டாபேஸில் ஒரு வரி எழுதுகிறீர்கள், பிறகு அடுத்த கியூவுக்கு அனுப்புகிறீர்கள். எல்லாம் டீஃபால்ட்டில் இருந்தபோது சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் ஓரிரு ஆர்டர் காணாமல் போனது. யாரோ சொல்லி டிரான்சாக்டட் என்று மாற்றினீர்கள். இப்போது எதுவும் தொலைவதில்லை. ஆனால் டூப்ளிகேட் விழுகிறது, ஓட்டமும் மந்தமாகிவிட்டது. கன்ஸ்யூமரை 20 ஆக்கியும் பயனில்லை. கேமலின் எரர் ஹேண்ட்லரில் 3 மறுமுயற்சியும் வைத்திருக்கிறீர்கள்.

அந்த யாரோ சொன்னது சரிதான். பாதியைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார், அவ்வளவுதான்.

முதலில் ஏன் தொலைந்தது என்று பார்த்துவிடலாம், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. கேமலின் ஜேஎம்எஸ் காம்பொனென்ட் தானாக எதையும் கேட்பதில்லை. உள்ளே ஸ்பிரிங் ஃப்ரேம்வொர்க்கின் டீஃபால்ட் மெசேஜ் லிசனர் கன்டெய்னரை ஓட்டுகிறது. அந்தக் கன்டெய்னரில் ஆட்டோ அக்னாலெட்ஜ் என்று இருந்தால், மெசேஜ் உங்கள் ரூட்டுக்குள் (கேமலில் நீங்கள் எழுதிய படிகளின் வரிசை) நுழையும் முன்பே புரோக்கருக்கு அக், அதாவது ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற ஒப்புதல், போய்விடும். பார்சலைப் பிரிக்காமலேயே கையெழுத்துப் போட்டுக் கூரியர்காரரை அனுப்பிவிடுவது மாதிரி. அதன் பிறகு ரூட்டில் எக்ஸப்ஷன் வந்தாலும், ஜேவிஎம் செத்தாலும் புரோக்கருக்குக் கவலையில்லை, அந்த மெசேஜ் அதன் கணக்கில் முடிந்துபோனது. ஸ்பிரிங்கின் ஆவணத்திலேயே இது எழுதியிருக்கிறது. ஆனால் அதே ஸ்பிரிங்கின் சிம்பிள் மெசேஜ் லிசனர் கன்டெய்னரில் லிசனர் முடிந்த பிறகுதான் அக் போகும். பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம், நடத்தை நேர்மாறு. நானும் நெடுநாள் ‘ஆட்டோ என்றால் ரூட் முடிந்ததும் போகும்’ என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

டிரான்சாக்டட் ஆக்கியதும் கையெழுத்து கடைசிக்குத் தள்ளிப்போகிறது. ரூட் முழுதும் முடிந்தால் கமிட், நடுவில் விழுந்தால் ரோல்பேக், மெசேஜ் திரும்பக் கியூவுக்கு. ஆனால் இந்த டிரான்சாக்ஷன் ஜேஎம்எஸ் செஷனுக்கு மட்டும் உரியது. உங்கள் டேட்டாபேஸ் இன்சர்ட் அந்த நொடியே தனியாகக் கமிட் ஆகிவிடுகிறது. அடுத்த கியூவுக்கு அனுப்பும் படி தோற்றால் மெசேஜ் திரும்புகிறது, எழுதிய வரி அப்படியே இருக்கிறது. மறுபடி வருகிறது, மறுபடி எழுதுகிறது. உங்கள் டூப்ளிகேட் அதுதான்.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆக்டிவ்எம்க்யூவில் டீஃபால்ட்டாக 6 மறுமுயற்சி, முதல் முறையோடு சேர்த்து 7. கேமலின் எரர் ஹேண்ட்லரில் நீங்கள் வைத்தது 3 மறுமுயற்சி, முதல் முறையோடு சேர்த்து 4. கேமல் தோற்ற படியை மட்டும்தான் திரும்பச் செய்யும். புரோக்கரோ ரூட்டை முதலிலிருந்து ஓட வைக்கும். ஆக, அடுத்த கியூ முழுக்கப் படுத்துவிட்டால் அனுப்பும் படி 7 பெருக்கல் 4, அதாவது 28 முறை ஓடும், இன்சர்ட் 7 முறை விழும். இரண்டில் ஒன்றை எடுத்துவிடுங்கள். நான் கேமல் பக்கத்தைப் பூஜ்யமாக்கிவிட்டுப் புரோக்கரிடம் விடுவேன். மெசேஜ் புரோக்கரின் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது, என் பிராசஸின் மெமரியில் இல்லை.

டூப்ளிகேட்டை ஒழிக்க எக்ஸ்ஏ டிரான்சாக்ஷன் போடச் சொல்வார்கள். டேட்டாபேஸும் புரோக்கரும் ஒன்றாகக் கமிட் ஆகும், உண்மைதான். ஆனால் அதற்கு ஒரு டிரான்சாக்ஷன் மேனேஜர், அதன் ரெக்கவரி லாக், பாதியில் தொங்கும் டிரான்சாக்ஷனை நள்ளிரவில் கையால் தீர்த்துவைக்க ஒரு ஆள் எல்லாம் வேண்டும். உங்கள் வேலைக்கு அது கொசுவுக்குக் கோடாலி. டேட்டாபேஸ் முதலில் கமிட் ஆகட்டும், ஜேஎம்எஸ் கடைசியில் ஆகட்டும், ஒரே மெசேஜ் இரண்டாம் முறை வந்தால் தாங்கிக்கொள்ளும்படி டேபிளை வையுங்கள். ஆர்டர் எண்ணுக்கு ஒரு யுனிக் கன்ஸ்ட்ரெயின்ட் போட்டு, மோதினால் ‘ஏற்கெனவே வந்தது’ என்று அடுத்த படிக்குப் போகவிடுங்கள். ரூட்டை அங்கேயே முடித்துவிடக் கூடாது. போன தடவை தோற்றது அனுப்பும் படிதான் என்றால் இந்தத் தடவை அனுப்பியாக வேண்டும்.

எதை வைத்து டூப்ளிகேட் என்று கண்டுபிடிப்பது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். ஜேஎம்எஸ் மெசேஜ் ஐடியை எடுக்காதீர்கள். உங்களுக்கு ஆர்டர் அனுப்பும் சிஸ்டம் டைம்அவுட் ஆகி அதே ஆர்டரை மீண்டும் அனுப்பினால் அது புது ஐடியோடு வரும். ஆர்டர் எண் மாதிரி, பொருளோடு ஒட்டிய எண்தான் வேண்டும். ஏற்கெனவே வந்ததை வடிகட்டும் கேமலின் ஐடெம்பொட்டன்ட் கன்ஸ்யூமரைப் பயன்படுத்தினால் அதன் மெமரி ரெப்பாசிட்டரியைத் தொடாதீர்கள். ரீஸ்டார்ட்டில் மறந்துவிடும், இரண்டாவது சர்வருக்கு அதைப் பற்றி எதுவுமே தெரியாது.

இனி வேகம். டிரான்சாக்டட் போட்டதும் கேமல் உங்களைக் கேட்காமல் ஒரு ஜேஎம்எஸ் டிரான்சாக்ஷன் மேனேஜரை உருவாக்குகிறது. வெளியே ஒரு மேனேஜர் இருப்பதைக் கண்ட ஸ்பிரிங், கேஷ் லெவல் (கனெக்ஷன், செஷன், கன்ஸ்யூமர் இவற்றில் எதை மூடாமல் வைத்துக்கொள்வது என்ற செட்டிங்) ஆட்டோவில் இருந்தால் எதையும் கேஷ் செய்யாத நிலைக்குப் போய்விடும். அப்புறம் ஒவ்வொரு மெசேஜுக்கும் புதுக் கன்ஸ்யூமர். ஆக்டிவ்எம்க்யூ ஒரு கியூ கன்ஸ்யூமருக்கு முன்கூட்டியே 1000 மெசேஜ் வரை தள்ளிவிடும். நீங்கள் ஒன்றை எடுத்துவிட்டுக் கதவைச் சாத்துகிறீர்கள், மிச்சமெல்லாம் திரும்பிப் போகிறது. 20 கன்ஸ்யூமர் என்றால் இந்தக் கூத்து 20 இடத்தில் நடக்கிறது. அதனால்தான் எண்ணிக்கையைக் கூட்டியும் பயனில்லை. டிரான்சாக்டட் அப்படியே இருக்கட்டும். லேசி கிரியேட் டிரான்சாக்ஷன் மேனேஜர் என்ற ஆப்ஷனை ஃபால்ஸ் ஆக்கி, கேஷ் லெவலைக் கன்ஸ்யூமர் என்று வெளிப்படையாகக் கொடுங்கள். லோக்கல் டிரான்சாக்ஷனுக்கு இந்த மூன்றும் சேர்ந்தே இருக்க வேண்டும். உங்களிடம் சொல்லாமல் விட்ட பாதி இதுதான்.

அந்த 1000 என்ற பிரிஃபெட்ச் எண்ணைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், நான் அதில் நன்றாக மாட்டியவன். ஒரு மெசேஜுக்கு 4 வினாடி பிடிக்கும் ரூட். கியூவில் 700 தேங்கியிருந்தது, ஒரு சர்வர், ஒரு கன்ஸ்யூமர். அவசரத்துக்கு இரண்டாவது சர்வரை எழுப்பினேன். அது சும்மா உட்கார்ந்திருந்தது. லாகில் எரர் இல்லை, கனெக்ஷன் சரி, பாஸ்வேர்டு சரி. அரை மணி நேரம் நெட்வொர்க் ஆட்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் 8161 போர்ட்டில் உள்ள வெப் கன்சோலில் அந்தக் கியூவின் ஆக்டிவ் கன்ஸ்யூமர்ஸ் பக்கத்தைத் திறந்தேன். டிஸ்பாட்ச்டு கியூ என்ற பத்தியில் முதல் கன்ஸ்யூமருக்கு நேராக நூற்றுக்கணக்கில் ஒரு எண், இரண்டாவதற்கு நேராக 0. தேங்கியதை எல்லாம் முதலாமவர் வாரி மடியில் கட்டிக்கொண்டுவிட்டார். பின்னால் வந்தவருக்குக் கொடுக்க எதுவும் மிச்சமில்லை. கன்சோலில் பெண்டிங் என்று காட்டுவது இவற்றையும் சேர்த்துத்தான் என்பதால் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. மேக்ஸ் கன்கரண்ட் கன்ஸ்யூமர்ஸை உயர்த்தினாலும் இதே கதைதான்.

மெசேஜுக்கு வினாடிக் கணக்கில் ஆகும் வேலை என்றால் புரோக்கர் யுஆர்எல்லிலேயே கியூ பிரிஃபெட்ச்சை 1 என்று வையுங்கள். மில்லி வினாடியில் முடிகிற வேலைக்கு 1 வைத்தால் போக வர உள்ள நேரமே தின்றுவிடும், அங்கே 100 அளவில் தொடங்கி அளந்து பாருங்கள். ஏற்கெனவே மடியில் உள்ளவை செட்டிங்கை மாற்றினால் திரும்பாது, அந்தக் கன்ஸ்யூமரை மூடினால்தான் கியூவுக்குப் போகும்.

புரொட்யூசர் பக்கம் வேலை குறைவு. வாங்குவதும் அனுப்புவதும் ஒரே கனெக்ஷன் ஃபேக்டரியில் இருக்கட்டும். அப்போதுதான் அனுப்பும் மெசேஜும் அதே செஷனில் சேர்ந்து, ரோல்பேக் ஆனால் அதுவும் போகாது. நடுவில் செடா, த்ரெட்ஸ், பேரலல் ஸ்ப்ளிட்டர் என வேலையை வேறு த்ரெட்டுக்கு மாற்றும் எதையும் வைக்காதீர்கள். டிரான்சாக்ஷன் த்ரெட்டோடு ஒட்டியது. த்ரெட் மாறினால் முன்னாலிருப்பது கமிட் ஆகிவிடும், பின்னாலிருப்பது அநாதை. ஃபேக்டரி பூல் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஜேஎம்எஸ் டெம்ப்ளேட் தனியாக அனுப்பும்போது ஒவ்வொரு மெசேஜுக்கும் கனெக்ஷன் திறந்து மூடும். ஸ்பிரிங்கின் கேச்சிங் கனெக்ஷன் ஃபேக்டரியைப் பூலாக வைத்தால் கன்ஸ்யூமரைக் கேஷ் செய்வதை அணைத்துவிடுங்கள்.

டைம் டு லிவ் கொடுத்திருந்தால் கடிகாரத்தைப் பாருங்கள். காலாவதி நேரத்தைக் கணக்கிடுவது அனுப்பும் மெஷின், சரிபார்ப்பது புரோக்கர். அனுப்புபவரின் கடிகாரம் 10 நிமிடம் பின்தங்கி, ஆயுள் 5 நிமிடம் என்றால் மெசேஜ் செத்துப்பிறக்கும்.

தோற்றவை போகும் டிஎல்க்யூவும் (டெட் லெட்டர் கியூ) உங்கள் அமைப்பில் தொடப்படாமல் கிடக்கிறது. டீஃபால்ட்டில் மறுமுயற்சிக்கு இடையே 1 வினாடிதான். டேட்டாபேஸ் இரண்டு நிமிடம் படுத்தால் வரிசையில் உள்ள நல்ல மெசேஜ்கள்கூட ஏழெட்டு வினாடிக்கு ஒரு தொகுதியாக டிஎல்க்யூவில் போய் விழும். எக்ஸ்பொனென்ஷியல் பேக்ஆஃபை ஆன் செய்து, முதல் தாமதம் 5 வினாடி, பெருக்கல் 2 என்று வைத்தால் 5, 10, 20, 40, 80, 160 என்று 6 முயற்சியில் மொத்தம் 315 வினாடி கிடைக்கும். பெரும்பாலான ரீஸ்டார்ட் அதற்குள் முடிந்துவிடும். டீஃபால்ட்டில் எல்லாக் கியூவுக்கும் ஒரே டிஎல்க்யூ. புரோக்கர் கான்ஃபிகில் கியூவுக்கு ஒன்றாகப் பிரித்துவிடுங்கள், இல்லையேல் எது யாருடையது என்று தேடுவதிலேயே ஒரு நாள் போகும்.

கமென்டில் ஒருவர் காஃப்காவுக்கும் இது பொருந்துமா என்று கேட்டிருந்தார். கேள்வி அதேதான், திருகும் இடம் வேறு. அங்கே வழக்கமான கன்ஸ்யூமர் குரூப்பில் மெசேஜுக்கு ஒரு அக் கிடையாது, ஆஃப்செட் (எதுவரை படித்தாயிற்று என்ற குறி) கமிட் மட்டும்தான். டீஃபால்ட்டில் ஒரு போலில் (ஒரு முறை கேட்டு வாங்குவதில்) 500 ரெக்கார்டு வரை வரும், அடுத்த போலுக்கு 5 நிமிடம் கெடு. ஒரு ரெக்கார்டுக்கு 1 வினாடி ஆனாலே 500 வினாடி, கெடு 300. குரூப்பிலிருந்து தூக்கிவிடுவார்கள், பார்ட்டிஷன் வேறொருவருக்குப் போகும், கமிட் ஆகாததெல்லாம் மறுபடி ஓடும். ராபிட்எம்க்யூவில் அக் வராமல் 30 நிமிடம் போனால் சேனலையே மூடிவிடும். ஐபிஎம் எம்க்யூவில் பேக்அவுட் த்ரெஷோல்டு (எத்தனை முறை தோற்றால் ஒதுக்கிவைப்பது என்ற எண்) டீஃபால்ட்டாக 0. அதை மாற்றாவிட்டால் கெட்டுப்போன ஒரே மெசேஜ் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

மாற்றியதெல்லாம் சரியா என்று பார்க்க, டேட்டாபேஸ் படிக்கும் அனுப்பும் படிக்கும் நடுவில் 30 வினாடி டிலே ஒன்றைத் தற்காலிகமாகப் போடுங்கள். ஒரு ஆர்டரை அனுப்பி, டேபிளில் வரி விழுந்ததைப் பார்த்த கையோடு பிராசஸைக் கில் மைனஸ் 9 கொடுத்துக் கொல்லுங்கள். நாசூக்காக ஷட்டவுன் செய்தால் எதுவும் தெரியாது. கன்சோலில் பெண்டிங் 1 என்று நிற்க வேண்டும். திரும்ப எழுப்பினால் அதே மெசேஜ் ஜேஎம்எஸ் ரீடெலிவர்டு ட்ரூ என்ற ஹெடரோடு வரும், டேபிளில் ஒரே வரிதான் இருக்கும், அடுத்த கியூவில் ஒரே மெசேஜ். வேறு ஏதாவது தெரிந்தால் ரூட்டையும் கனெக்ஷன் ஃபேக்டரி பீனையும் கேள்வியில் சேருங்கள், பார்க்கிறேன்.